உள்ளே இடம் இருக்கு

எந்தக் கதவை மூடினாலும் மாமனார் ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். மருமகள் அந்த வீட்டுக்கு வந்த புதிதிலேயே இதைக் கவனித்துவிட்டாள். வாசல் கதவென்றால் சரி, யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பீரோ கதவுக்கும் அதே கதைதான். ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுப்பார், கதவில் கை வைப்பார், சற்று நிற்பார், பின்பக்கமாகத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம்தான் சாத்துவார். ஃப்ரிட்ஜுக்குள் ஏற யார் ஓடி வரப் போகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சம். வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாமியார்தான் ஒருநாள் அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"யாராவது ஓடி வர்றாங்களான்னு பாக்குறாரு. வேற ஒண்ணுமில்ல. காலம் பூரா பஸ் படியில நின்னவரு."

மாமனார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். வண்டி நிறைந்துவிட்டது என்பதை அவர் தன் சர்வீஸில் ஒருநாள்கூட ஒத்துக்கொண்டதில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "எள்ளு விழ இடமில்லய்யா, எடுத்துடவா?" என்று கெஞ்சுவாராம். "எள்ளுக்கு இடமில்லேன்னா போகுது, ஆளுக்கு இருக்கு," என்று இவர் இன்னும் ரெண்டு பேரைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொள்வாராம். உள்ளே தள்ளிப் போங்க, உள்ளே இடம் இருக்கு, இந்த ரெண்டு வாக்கியங்களைச் சொல்லியே ஒரு குடும்பத்தைக் கரை சேர்த்தவர் அவர்.

"ஊரையே ஏத்தி இறக்கினவரு," என்பாள் மாமியார், "எனக்கு ஒருநாள் ஜன்னல் சீட்டு பிடிச்சுத் தந்ததில்ல."

"கண்டக்டர் பொண்டாட்டி நின்னுக்கிட்டுத்தான் வரணும். அப்பத்தான் நாலு பேரு வாயை மூடுவான்."

"நாலு பேரு வாயை மூடினான். எனக்குக் கால்தான் வீங்கிச்சு."

ஓய்வு பெற்ற புதிதில் அவர் வீட்டையே வண்டியாக ஓட்டப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "வழியில நிக்காதீங்க, உள்ளே போங்க," என்று மனைவியையும் மருமகளையும் அடுப்புப் பக்கம் தள்ளினார். பாத்திர அலமாரியில் இனி ஒரு டம்ளர்கூட வைக்க முடியாது என்று மாமியார் சொன்ன இடத்தில் ஒரு குக்கரைச் செருகிக் காட்டினார். அதை வெளியே எடுப்பதற்கு அலமாரிக் கதவைக் கழற்ற வேண்டியதாயிற்று. மாமியார் மகனைத் தனியே கூப்பிட்டு, "டேய், உங்க அப்பாவுக்கு ஏதாவது வேலை பாத்துக் குடு. இல்லேன்னா எனக்கு வேற வீடு பாரு," என்றாள்.

மகன் டயர் கம்பெனி குடோனில் சரக்கு ஏற்றி அனுப்பும் வேலையில் இருந்தான். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். வேறு எதுவும் தோன்றாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நடு அறையில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தி, எப்படித் திறப்பது, எப்படித் தேடுவது என்று சொல்லிக் கொடுத்தான். எப்படி மூடுவது என்பதையும் சொன்னதாகத்தான் அவன் இன்றுவரை சாதிக்கிறான்.

அந்தக் கம்ப்யூட்டர் மருமகளின் வேலைக்காக வாங்கியது. யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற கறுப்புப் பெட்டி. கடைத்தெருவில் இருந்த ஒரு ஸ்டுடியோவுக்கு அவள் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். படங்களைப் பொறுக்குவது, பக்கத்தில் அடுக்குவது, நிறம் சரி செய்வது, பின்னால் நிற்கும் குப்பைத் தொட்டியை அழிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். எங்கே போனாலும் யாராவது ஒருத்தர், எதுவரைக்கும் படிச்சிருக்கே என்று கேட்பார்கள், அவள் தரையைப் பார்ப்பாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் யாரும் கேட்டதில்லை. ஆல்பத்தைப் புரட்டினார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், அடுத்ததைக் கொடுத்தார்கள்.

மாமனார் அந்தக் கம்ப்யூட்டரில் பஸ்ஸைக் கண்டுபிடித்தார்.

எங்கெங்கோ இருக்கும் பஸ்களின் முன்கண்ணாடியில் கேமராவைக் கட்டி, கிளம்பும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை அப்படியே படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. ரோடு மட்டும். மணிக்கணக்காக ரோடு. மழையில் போகும் பஸ், பனியில் போகும் பஸ், பாலத்துக்கு மேலே போகும் பஸ், மலையேறும் பஸ். மாமனார் நாற்காலியில் உட்கார மாட்டார். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பார்ப்பார். வண்டி வளைவில் திரும்பினால் அவரும் லேசாகச் சாய்வார். ஸ்டாப்பில் நின்று கிளம்பும்போது தொண்டைக்குள்ளேயே "ரைட்" என்பார்.

"பாரு, பாரு," என்று மனைவியைக் கூப்பிடுவார். "அந்தம்மா ஓடி வருது, இவன் எடுத்துட்டுப் போறான். இவனெல்லாம் ஒரு கண்டக்டரா?"

"அந்த நாட்டுல கண்டக்டரே கிடையாதாம்ப்பா," என்றான் மகன்.

"அதான் பாத்தாலே தெரியுதே."

இதில் மருமகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் சமையலில் இருக்கும்போது அவர் பார்ப்பார், அவர் குளிக்கப் போகும்போது அவள் உட்காருவாள். ஆனால் அவர் பார்த்த எதையும் மூடுவதில்லை. பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த பஸ்ஸைத் திறப்பார். பஸ்ஸோடு நாலு ஊர் ரேடியோ, ஒரு சதுரங்க ஆட்டம், எந்த ஊரில் மழை என்று சொல்லும் பக்கங்கள். எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகத் திறந்து கிடக்கும். மருமகள் ஆல்பம் செய்யும் புரோகிராமைத் திறந்தால் அது கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து வரும். ஒரு படத்தை நகர்த்தினால், நகர்த்தியது எங்கே போனது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும்.

முதல் தடவை அவள் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் மூடிவிட்டு வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் மாமனார் வந்து திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, மலை பஸ் ஒண்ணு இருந்துச்சே."

"மூடிட்டேன் மாமா."

"வளைவுல நிறுத்தி வச்சிருந்தேன். பாதி மலையில இறக்கி விட்டுட்டியே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. உண்மையிலேயே யாரையோ நடு மலையில் இறக்கிவிட்டது மாதிரி சொன்னார். அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. இனி உங்களைக் கேட்காமல் எதையும் மூட மாட்டேன் மாமா என்று மறுநாள் வாக்குக் கொடுத்துவிட்டாள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வாக்கை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிடுவார்கள். மாமனார் அந்த மலைப் பஸ்ஸைத் தேடிப்பிடித்து, விட்ட வளைவுவரை மறுபடி ஏற்றி, அதே இடத்தில் நிறுத்தி வைத்தார்.

அதற்கப்புறம் அவள் உட்காரும்போதெல்லாம், "மாமா, கொஞ்சம் மெதுவா ஓடுது," என்று முனகுவாள்.

"எல்லாத்தையும் சின்னதாக்கிட்டேனேம்மா. பாரு, கீழே வரிசையா உட்கார்ந்திருக்காங்க. உனக்கு நடு இடம் முழுக்க காலி."

திரையில் தெரியாமல் கீழே ஒதுக்கிவிட்டால் ஆள் உட்கார்ந்த மாதிரி, வழியை அடைக்காது என்பது அவர் கணக்கு. கீழே உட்கார்ந்திருந்தாலும் இடம் பிடிக்கத்தானே செய்யும் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது, சத்தம் வரவில்லை.

புருஷனிடம் சொன்னாள். அவன் அப்பாவைக் கூப்பிட்டு விளக்க உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் மெமரியைப் பானை என்று சொல்லியிருக்கலாம், மூட்டை என்று சொல்லியிருக்கலாம். தன் குடோனையே சொல்லியிருக்கலாம். விதி அவன் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"மெமரிங்கிறது பஸ்ஸுக்குள்ள இருக்கிற இடம் மாதிரிப்பா."

"அப்படிச் சொல்லு," என்றார் மாமனார். முகம் தெளிந்துவிட்டது.

"நீங்க திறக்கிற ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. ஏறிக்கிட்டே இருந்தா வண்டி நிறைஞ்சிடும். அப்புறம் நகராது."

"நிறையாது."

"நிறையும்ப்பா."

"எந்த வண்டியும் நிறையாதுடா. ஏறத் தெரியாதவன் வாசல்ல நின்னுக்கிட்டு நிறைஞ்சிருச்சும்பான். உள்ளே போய்ப் பாத்தா இடம் கெடக்கும். நான் பாக்காத வண்டியா?"

மறுநாள் காலையில் மருமகள் கம்ப்யூட்டரைத் திறந்தால், திரை முழுக்கப் பரவியிருந்த அவளுடைய ஃபோல்டர்கள் எல்லாம் வலது ஓரமாக ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பேர்கூடப் படிக்க முடியவில்லை.

"உள்ளே தள்ளி விட்டிருக்கேன்," என்றார் மாமனார். "இப்ப ஓட்டிப் பாரு, பறக்கும்."

பறக்கவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரை வரவழைத்தார்கள். அவர் எது எது ஓடுகிறது என்ற வரிசையைத் திரையில் திறந்து பார்த்தார், பெட்டியையும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பழைய போர்டில் இதற்கு மேல் மெமரி போட வழி இல்லை என்று கையை விரித்தார். போகிற போக்கில், மெமரியைச் சுத்தம் செய்யவென்றே சில புரோகிராம்கள் இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். மாமனார் அதைப் பிடித்துக்கொண்டார். ஒன்று போட்டார். அது சரியில்லை என்று இன்னொன்று. அந்த ரெண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க மூன்றாவதாக ஒன்று. மூன்றும் முறை வைத்துக்கொண்டு திரையின் மூலையில் எட்டிப் பார்த்து, உங்கள் மெமரி நிறைந்துவிட்டது என்று எச்சரித்தன. நிறைந்திருந்த இடத்தில் ஒரு பங்கு அந்த மூன்றும் பிடித்ததுதான்.

"செக்கர் மூணு பேரு ஏறினா, நிக்க அவங்களுக்கும் இடம் வேணுமில்ல," என்றாள் மாமியார். அந்த வீட்டில் மெமரியைப் பற்றி அதுவரை சொல்லப்பட்டதிலேயே சரியான பேச்சு அதுதான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் ஆல்பங்கள் தாமதமாயின. ஒன்று, அப்புறம் இன்னொன்று. மூன்றாவதைக் கொடுக்கப் போனபோது ஸ்டுடியோக்காரம்மா கவுன்டரில் இருந்து எழுந்து வந்தாள். குரலை உயர்த்துகிறவள் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

"உன் வேலையில நான் குறை சொல்ல மாட்டேம்மா. அவ்வளவு சுத்தம். ஆனா நீ கல்யாண ஆல்பம் கொண்டு வர்றதுக்குள்ள அவங்களுக்குப் பிள்ளை பிறந்து அதுக்கு ஒரு ஆல்பம் போடணும் போலிருக்கு."

"கம்ப்யூட்டர் கொஞ்சம்..."

"தெரியும், போன தடவையும் அதான் சொன்னே. இந்தா, இந்தப் பென் டிரைவ்ல அடுத்த கல்யாணப் படங்கள் இருக்கு. கல்யாணப் பொண்ணு சனிக்கிழமை வெளிநாடு கிளம்புது. வெள்ளிக்கிழமை நான் கடை திறக்கும்போது ஃபைல் என் கையில இருந்தா, பிரிண்ட் போட்டுக் குடுத்துடுவேன். இல்லேன்னா இனிமே வேலையை வேற ஆளுக்கு மாத்திடுவேன். மனசுல வச்சுக்காதே."

"சரிக்கா," என்றாள் மருமகள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சரிக்காதான் காதில் இருந்தது.

ராத்திரி புருஷனிடம் சொன்னாள்.

"பாஸ்வேர்டு போட்டுடுறேன்," என்றான் அவன். "நீ முடிக்கிற வரைக்கும் அப்பா தொட முடியாது."

கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து மாமியாரின் குரல் வந்தது. "அவரைத் திருப்பி என் சமையலறைக்கு அனுப்பினீங்க, நான் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிடுவேன். என் அலமாரிக் கதவு இன்னும் சரியா மூடல."

பாஸ்வேர்டு பேச்சு அதோடு நின்றது. மருமகளுக்கும் அதில் இஷ்டமில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரை வெளியே தள்ளிக் கதவடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மனசு கிடையாது, அது வந்துகொண்டே இருந்தது.

அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் இருந்தார். எடுத்த அத்தனை படங்களிலும் அவர் கண்ணை மூடியிருந்தார். தனியாக நின்றாலும் மூடியிருந்தார், கூட்டத்தில் நின்றாலும் மூடியிருந்தார். ஒரே ஒரு படத்தில், யாரோ அவர் காலை மிதித்த நேரம் போலிருக்கிறது, கண் ரெண்டும் அகலத் திறந்திருந்தன. மருமகள் அந்தக் கண்களை வெட்டியெடுத்து, வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி சரி செய்து, ஒவ்வொரு படத்திலும் பெரியப்பாவுக்குப் பார்வை கொடுத்தாள். ஒவ்வொரு கண்ணுக்கும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. வியாழக்கிழமை மதியத்துக்குள் கடைசிப் பக்கம் முடிந்தது. இனி எல்லாப் பக்கங்களையும் சேர்த்து ஒரே ஃபைலாக்கித் தர வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கட்டளையைக் கொடுத்தாள்.

திரையில் ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. கால் பங்கு வந்தது. நின்றது. அதன் மேல் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது: மெமரி போதவில்லை, வேறு புரோகிராம்களை மூடவும்.

வலுக்கட்டாயமாக நிறுத்தினால் காலையில் செய்ததெல்லாம் போகும். போனால் பெரியப்பா மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். மருமகள் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம், அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"மாமா."

மாமனார் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். பின்னாலேயே மாமியார்.

"என்னம்மா, ஷாக் அடிச்சிருச்சா?"

"இல்ல மாமா. இது இன்னிக்கு முடியலேன்னா ஸ்டுடியோ வேலை எனக்கு இனிமே கிடையாது. அந்தக்கா சொல்லிட்டாங்க."

மாமனார் நுரையைத் தோள் துண்டில் துடைத்தார். "எப்பச் சொன்னாங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"இவ்வளவு நாள் ஏம்மா வாயைத் திறக்கல?"

"திறந்தேன் மாமா. உங்களுக்குக் கேக்கல."

மாமியார், "கேக்காது. பின்வாசல்ல நின்னு கத்தினாலே கேக்காது," என்றாள்.

மாமனார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்கார்ந்து அவள் பார்த்தது அன்றுதான்.

"வண்டியில யாரு யாரு இருக்கான்னு பாக்க முடியுமா?"

முடியும். ரிப்பேர் கடைக்காரர் பார்த்த அந்த இடத்தை அவள் கவனித்து வைத்திருந்தாள். திறந்தாள். எது எது ஓடுகிறது, எது எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று வரிசையாக வந்தது. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"இது யாரு?"

"பிரிண்டருக்கு உள்ளது மாமா."

"நம்மகிட்டதான் பிரிண்டரே இல்லையே. வித்துட்டோமே."

"பிரிண்டர் போயிடுச்சு. அதோட ஆளு போகல."

"எங்க ஏறினான்?"

"கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாவே ஏறிடும்."

"யாரும் கூப்பிடாமலா?"

"ஆமா மாமா."

மாமனாரின் முகம் மாறியது. எத்தனை பேரை வேண்டுமானாலும் ஏற்றுவார். படியில் தொங்கினாலும் சகித்துக்கொள்வார். டிக்கெட் இல்லாமல் ஏறினவனை மட்டும் அவர் சர்வீஸில் மன்னித்ததில்லை.

"இறக்கு."

இறக்கினாள்.

"அடுத்தவன் யாரு?"

"யாரோ யார்கூடவோ பேசறதுக்கு உள்ளது. நம்ம வீட்டுல யாரும் திறந்ததே இல்ல."

"இறக்கு. இவன்?"

"புதுசா ஏதாவது வந்திருக்கான்னு அப்பப்ப போய்ப் பாத்துட்டு வந்து சொல்றவன்."

"அதுக்குன்னு ஒருத்தனா? இறக்கு, நடந்து போய்ப் பாக்கட்டும்."

அப்படியே ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். பிறகு மூன்று செக்கர்களும் வரிசையாக வந்தார்கள். மாமனார் தயங்கினார். கண்டக்டர் செக்கரை இறக்குவதா என்ற தயக்கம் போலிருக்கிறது. ஆனால் அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது.

"அந்த எலியை இப்படிக் குடும்மா," என்றார் மவுஸைக் காட்டி.

முதல் செக்கரை அவரே இறக்கினார். ரெண்டாவதை இறக்கும்போது, "போய்யா, மேலிடத்துல எழுதிக்கோ," என்றார். மூன்றாவதை இறக்கும்போது வாய்க்குள் விசிலே அடித்துவிட்டார். அந்த வேகத்தில் கை நிற்கவில்லை. எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று கண்ணில் பட்டது.

"இவன் யாரு, முன் சீட்டுல பெரிய மனுஷன் மாதிரி?"

"மாமா, அது வேண்டா..."

இறக்கிவிட்டார்.

திரையின் கீழே இருந்த பட்டை மறைந்தது. ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. வெறும் நீலத்தில் ஆல்பமும் அந்த வரிசையும் மட்டும் மிதந்தன.

"என்னடி ஆச்சு?" என்றாள் மாமியார்.

"டிரைவரை இறக்கிட்டாரு அத்தை."

மாமனாருக்குச் சவரம் செய்த பக்கமும் வெளுத்தது, செய்யாத பக்கமும் வெளுத்தது. மருமகள் புருஷனுக்குப் போன் போட்டாள். குடோனில் லாரி சத்தத்துக்கு நடுவே அவன், "என்னது, யாரை இறக்கினாரு?" என்று நாலு தடவை கேட்டான். அப்புறம் எங்கே அழுத்த வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று சொன்னான். அவள் எழுத்தெழுத்தாக அடித்தாள். கீழே பட்டை திரும்ப வந்தது. ஃபோல்டர்களும் வந்து, பழையபடி நெருக்கிக்கொண்டு நின்றன.

"ஏறிட்டானா?" என்றார் மாமனார்.

"ஏறிட்டாரு மாமா."

"இனிமே நீயே பிடி," என்று எலியை அவள் பக்கம் தள்ளினார்.

பச்சைக் கோடு ஒரு விரல் அளவு நகர்ந்து பாதிக்கு வந்திருந்தது. மறுபடியும் நின்றுவிட்டது. வரிசையில் இனி இறக்க வேண்டியவர் யாருமில்லை, ஒருவரைத் தவிர. அவர்தான் எல்லோருக்கும் மேலே, எல்லோரையும் கூட்டினாலும் வராத அளவுக்கு இடம் பிடித்துக்கொண்டு இருந்தார். மருமகள் அதன் பெயரைச் சொல்லவில்லை. மாமனாருக்கே தெரிந்துவிட்டது.

"இது நம்ம பஸ்ஸுங்களா?"

"ஆமா மாமா."

"எல்லாம் சின்னதாக்கித்தானே வச்சிருக்கேன்?"

"சின்னதாக்கினாலும் உள்ளேதான் இருக்கும் மாமா. கண்ணுக்குத்தான் தெரியாது."

மாமனார் அந்த எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "ஆள் ஏத்துறது போதாதுன்னு பஸ்ஸுக்குள்ள பஸ்ஸை ஏத்தி வச்சிருக்கேன்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

"அந்த மலை பஸ்ஸை ஏங்க இன்னும் முடிக்காம வச்சிருக்கீங்க?" என்றாள் மாமியார். "எவ்வளவு மாசமா அந்த வளைவுலயே நிக்குது. ஒருநாள் உக்காந்து பாத்துத் தொலைக்க வேண்டியதுதானே."

"முடிஞ்சா டெப்போ வந்துடும்."

"வரட்டுமே."

"வந்தா இறங்கணுமில்ல."

மாமியார் அவர் தோளில் சரிந்திருந்த துண்டை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள். மருமகள் எலியின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தாள். அவள் கொடுத்த வாக்கு அவளுக்கு நினைவிருந்தது. அவர் சொல்லாமல் அவள் மூடப் போவதில்லை. பச்சைக் கோடும் நின்ற இடத்தில் நின்றது.

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"வண்டி பிரேக்டவுன் ஆனா என்ன செய்வோம் தெரியுமா? யாரையும் நடுரோட்டுல விட்டுட மாட்டோம். அடுத்த வண்டி வரும், கைகாட்டி நிறுத்தி அதுல ஏத்தி விடுவோம். அவ்வளவுதான். அதுக்கு யாரும் கோவிச்சுக்க முடியாது." சற்று நிறுத்தி, "ஒவ்வொண்ணா எடு. நான் சொல்றேன்," என்றார்.

அவள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். மழை பஸ், என்றார், மூடினாள். பாலத்து பஸ், என்றார், மூடினாள். பனி பஸ் வந்தபோது, "இவன் ஓட்டுறதும் சரியில்ல," என்றார். ரேடியோக்கள் போயின. மழை சொல்லும் பக்கங்கள் போயின. சதுரங்கத்தில் அவர் ராணி ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தது, அதனால் அதில் வருத்தமில்லை. கடைசியில் மலை பஸ் வந்தது. வளைவில், பள்ளத்தின் ஓரமாக, மாசக்கணக்காக நின்றுகொண்டிருந்தது.

"ம்," என்றார்.

மூடினாள்.

பச்சைக் கோடு நகர்ந்தது. முதலில் கொஞ்சம் யோசித்து, பிறகு முக்கால் வரை ஒரே ஓட்டம், கடைசியில் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"இவ்வளவு வேகமா போற வண்டியா இது?" என்றார் மாமனார். "நான் கெழட்டு வண்டின்னு நினைச்சேன்."

"வண்டி நல்ல வண்டிதான்," என்றாள் மாமியார். "கண்டக்டர்தான் கொஞ்சம்."

அவர் எழுந்து மீதி முகத்தைச் சவரம் செய்யப் போனார்.

வெள்ளிக்கிழமை ஸ்டுடியோக்காரம்மா ஷட்டரைத் தூக்கும்போது மருமகள் பென் டிரைவோடு வாசலில் நின்றிருந்தாள். அந்தம்மா ஆல்பத்தைத் திரையில் ஓட்டிப் பார்த்தாள். பெரியப்பா படத்தில் நின்று, பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இவருக்குக் கண்ணு இப்படித்தான் இருக்கும்னு இவரு வீட்டம்மாவுக்கே தெரிஞ்சிருக்காது," என்றாள். பிறகு இழுப்பறையைத் திறந்து அடுத்த கல்யாணத்தை எடுத்து நீட்டினாள். "இதுக்கு அவசரமில்ல. ஆனா அதுக்காகப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் வச்சுக்காதே."

இப்போதும் அந்த வீட்டில் அதே கறுப்புப் பெட்டிதான் இருக்கிறது. சுத்தம் செய்யும் புரோகிராம்கள் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். கூப்பிடாமல் ஏறுகிறவர்களைக் காலையில் முதல் வேலையாக மாமனார் இறக்கிவிடுகிறார். எக்ஸ்ப்ளோரர் பக்கம் போவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு பஸ்தான் பார்க்கிறார். அது ஊர் போய்ச் சேர்ந்ததும் மூடிவிட்டு எழுந்துவிடுகிறார். நீளமான ரூட்டாக இருந்தால் மருமகள் காத்திருக்கிறாள். மலை பஸ்ஸை அவர் பிறகு நிறையத் தேடினார், கிடைக்கவில்லை. வேறு மலைகள் கிடைத்தன, அந்த அளவுக்கு இல்லை என்கிறார். ஸ்டுடியோ வேலை அவளிடம்தான் இருக்கிறது.